இசை தந்ததை இசைக்கே ஈந்த அம்மையார்
பெங்களூர் நாகரத்தினம்மாள் வாழ்வும் பணியும்

ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி வரும் புஷ்ய பகுள பஞ்சமி நாளிலே, சோழ நாட்டுத் திருவையாற்றில் காவிரிக் கரையோரம் நூற்றுக்கணக்கான இசைவாணர்கள் கூடுகின்றனர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆடவரும் பெண்டிரும் ஒருமிக்கப் பாடி, ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளுக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். அந்த நாளிலே வானொலிப் பெட்டிக்கு முன்னால் எங்கள் அம்மம்மா பாய் விரித்து உட்கார்ந்து விடுவார். மிஷன் பாடசாலையிலே ஆர்மோனியத்தின் துணையுடன் சங்கீதம் பயின்ற சிறுவனாகிய எனக்கு அப்பாட்டின் நுட்பம் அன்று விளங்கவில்லை. ஆயினும் ஆண்குரலும் பெண்குரலும் கலந்து ஒரே வெள்ளமாய்ப் பெருகிய அந்த ஓசை மாத்திரம் மனத்தில் நின்றது.

பெண்குரலுக்கு அவ்விடத்தில் ஒரு காலத்தில் இடமே இருக்கவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அதனினும் வியப்பான செய்தியொன்று உண்டு. சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவரே ஒரு பெண்மணி. தம் பொருளைக் கொட்டி அக்கோயிலை எழுப்பிய அவருக்கே அங்கு பாடும் உரிமை மறுக்கப்பட்டது. அவர்தாம் வித்யாசுந்தரி பெங்களூர் நாகரத்தினம்மாள். கலையால் பெற்றதைச் சமூகத்துக்கே திருப்பிக் கொடுத்த பெரியோர் வரிசையில் வைத்து எண்ணத்தக்க இவ்வம்மையாரின் வரலாற்றை எமது சங்கத்து இளைஞரும் முதியோரும் அறிந்திருத்தல் நன்று.

நாகரத்தினம்மாள் 1878ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3ஆந் திகதி மைசூர்ச் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டிலே பிறந்தார். நஞ்சுண்டேசுவரர் எழுந்தருளியிருக்கும் பழைமையான சிவதலம் அது. தாயார் புட்டுலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தந்தையார் சுப்பராவ் என்னும் வழக்கறிஞர். குழந்தை சிறு பருவத்தினளாய் இருந்தபோதே அவர் தாயையும் சேயையும் கைவிட்டுவிட்டார். ஆதரவற்ற தாய், மைசூரிலே கிரிபட்ட திம்மய்ய சாஸ்திரி என்னும் வடமொழிப் பண்டிதரின் நிழலில் ஒதுங்கினார். சிறுமியின் கூர்மையைக் கண்ட பண்டிதர் அவளுக்கு வடமொழியும் இசையும் கற்பித்தார். ஆனால் அந்த ஆதரவும் நெடுநாள் நீடிக்கவில்லை. பண்டிதரின் மனம் மாறிற்று. அவர் இழிவாய்ப் பேசி இருவரையும் வெளியேற்றினார் என்பர். மகளைப் பெரும் கலைஞராக்கியே தீர்வேன் என்னும் உறுதியைத் தவிர அத்தாயின் கையில் அன்று வேறு முதல் இருக்கவில்லை.

பல இடங்களில் அலைந்தபின் தாயும் மகளும் பெங்களூர் சேர்ந்தனர். அங்கே முனுசாமப்பா என்னும் ஆசிரியரிடம் நாகரத்தினம் இசை பயின்றார். அவ்வாசிரியர் வாலாஜாபேட்டை கிருஷ்ணசுவாமி பாகவதரின் மாணாக்கர். அவர் வாயிலாக வந்த பாடம் தியாகராஜ சுவாமிகளின் சீட பரம்பரைப் பாடமாகும். திருவையாற்றில் பிறந்த இசை, கன்னட நாட்டிலே ஓர் ஏழைச் சிறுமியின் நாவில் இவ்விதம் வந்து குடிகொண்டது. இந்தத் தொடர்பை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில் அம்மையார் செய்த திருப்பணிக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

இளமையிலேயே தாயையும் இழந்தார் நாகரத்தினம். ஆயினும் கற்ற கல்வி அவரைக் கைவிடவில்லை. வயலின், நடனம், வாய்ப்பாட்டு மூன்றிலும் தேர்ந்து மைசூர் அரண்மனையின் மதிப்பைப் பெற்றார். கன்னடம், தெலுங்கு, வடமொழி, தமிழ் ஆகிய மொழிகளில் பழகினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து குடியேறினார். அக்காலத்தில் சென்னைப் பட்டினம் இசைச் சபைகளுக்கும் செல்வர் வீட்டுக் கச்சேரிகளுக்கும் நிலைக்களமாய் விளங்கிற்று. ஆழ்ந்த குரல், சொற்சுத்தம், பொருளுணர்ந்து பாடும் முறை ஆகியவற்றால் அம்மையாரின் புகழ் விரைவில் பரவியது. தென்னாட்டு ஊர்கள் பலவற்றுக்கும் சென்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். தாம் பாடிய இடங்களை நாட்குறிப்பில் ஒழுங்காக எழுதி வைப்பதும் அவர் வழக்கம். ஹரிகதையும் நிகழ்த்தினார். கிராமபோன் இசைத்தட்டுகளிலும் அவர் குரல் ஒலித்தது. செல்வம் சேர்ந்தது. சென்னையிலே வருமான வரி செலுத்திய முதற் பெண் கலைஞர் அவரே என்று கூறுவர். தந்தை கைவிட்ட பெண், புகலிடத்திலிருந்தும் துரத்தப்பட்ட பெண், தம் குரலொன்றையே துணையாகக் கொண்டு அடைந்த உயர்வு இது.

செல்வம் சேர்ந்தபின் அதனைக் காத்துக்கொண்டு சுகமாய் வாழ்ந்திருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிரார். அவரோ கலைக்குத் தாம் பட்ட கடனை ஒருபோதும் மறந்தாரில்லை. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியில் முதலாவது, ஒரு நூலைப் பற்றியதாகும்.

தஞ்சையை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டிலே, அவர் அவையில் முத்துப்பழனி என்னும் புலவர் இருந்தார். அவரும் தேவதாசி மரபினரே. கண்ணனிடம் ஊடிய ராதையைத் தேற்றுவதைப் பொருளாகக் கொண்டு தெலுங்கில் அவர் இயற்றிய காவியம் ராதிகா சாந்த்வனம். 1887இல் வெளிவந்த பதிப்பிலே சில பாடல்கள் நீக்கப்பட்டிருந்தன. தம் பாட்டியார், அத்தையார் ஆகியோரின் புலமையை முத்துப்பழனி எடுத்துரைத்த முன்னுரைப் பகுதியும் காணப்படவில்லை. நாகரத்தினம்மாள் மூலச் சுவடியைத் தேடிப் பெற்று, முழு நூலையும் 1910இல் வாவிள்ள பதிப்பகத்தார் மூலம் வெளியிட்டார்.

உடனே எதிர்ப்பு எழுந்தது. தெலுங்கு நாட்டுச் சீர்திருத்தவாதியாகிய கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு முதலானோர், ஒரு பெண் எழுதத்தகாத சிருங்காரம் இதில் உண்டென்று கண்டித்தனர். இதனினும் மிகுந்த சிருங்காரத்தை ஆண் புலவர் பாடியபோது குறை காணாதவர், பெண் பாடியபோது மாத்திரம் நாணத்தைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம் என்பது அம்மையார் எழுப்பிய வினா. 1911இல் ஆங்கில அரசாங்கம் நூலைத் தடைசெய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த காலத்தில், 1947இல், அத்தடை நீங்கிற்று. 1952இல் நூல் மீண்டும் அச்சேறியது. சிருங்காரத்தைப் பற்றி அவரவர் கருத்து எவ்வாறாயினும், மறைக்கப்பட்ட ஒரு பெண்புலவரை மறுபடியும் உலகறியச் செய்தவர் ஓர் இசைக்கலைஞரே என்பதை யாரும் மறுக்க இயலாது.

இனி, அவர் வாழ்வின் தலையாய பணிக்கு வருவோம்.

தியாகராஜ சுவாமிகள் 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி திருவையாற்றில் முத்தியடைந்தார். இறுதியில் சந்நியாசம் பெற்றிருந்தமையால் அவருடைய திருமேனி காவிரிக் கரையிலே சமாதி செய்யப்பட்டு, மேலே சிறியதொரு பிருந்தாவனம் அமைக்கப்பட்டது. சீடர்கள் பல ஊர்களுக்கும் பரந்து சென்றுவிட, சமாதி மெல்ல மெல்லக் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் இடத்தைக் கண்டறிந்து செப்பனிட்டனர். சில ஆண்டுகளில் ஆராதனை விழாவும் ஒழுங்காக நடைபெறத் தொடங்கிற்று. ஆனால் இசைவாணர் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாய்ப் பிரிந்து தனித்தனியே விழாவெடுத்தனர். விழாவின் சிறப்பில் இரு கட்சியாரும் போட்டியிட்டனர். விழா முடிந்தபின் சமாதி இருந்த இடத்தைப் பேணுவாரைக் காணோம்.

1921இலே, மைசூர் வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாற்றுக்குச் சென்றுவந்து, அவ்விடத்தின் சீர்கேட்டை விவரித்து நாகரத்தினம்மாளுக்குக் கடிதம் எழுதினார். அம்மையாரும் கிருஷ்ணப்பாவிடம் இசை பயின்றவரே. குப்பையும் புதரும் மண்டிக் கிடந்த இடத்தைப் பற்றிய அச்செய்தி அவர் நெஞ்சைச் சுட்டது. தமக்கு உணவும் உடையும் புகழும் தந்த கீர்த்தனைகளைச் செய்தவர் துயிலும் இடம் அவ்விதம் கிடப்பதா? சுவாமிகளே தம் கனவில் தோன்றிப் பணித்தார் என அவர் நம்பியதாகவும் சொல்வர். அவர் உடனே திருவையாற்றுக்குச் சென்றார். சமாதியைச் சூழ்ந்த நிலத்தைப் பெறுவதற்கு வேண்டியதைச் செய்தார். அவ்வாண்டிலேயே திருப்பணிக்குப் பூசை போடப்பட்டது.

அப்பொழுது அம்மையாருக்கு நாற்பத்து மூன்று வயது. கணவன் பிள்ளை என்று சொல்லத்தக்க குடும்பம் இல்லை. முதுமைக்கு ஆதாரம் கைப்பொருள் ஒன்றே. அந்தப் பொருளையும் நகைகளையும் அவர் கல்லாகவும் சுண்ணமாகவும் மாற்றினார். நான்கு ஆண்டுகள் வேலை நடந்தது. பிருந்தாவனத்தின்மேல் கோயில் எழுந்தது. சுவாமிகளின் திருவுருவம் வடிக்கப்பட்டு நிறுவப்பட்டது. 1926 ஜனவரியிலே கும்பாபிஷேகம் நிறைவேறிற்று. நாள்தோறும் பூசை நடப்பதற்கும் அம்மையார் ஏற்பாடு செய்தார்.

கோயில் எழுந்தது, வாசல் திறக்கவில்லை. சுவாமிகள் சந்நிதியில் பாடவும் ஹரிகதை செய்யவும் அம்மையார் விரும்பினார். இரு கட்சியாரும் இசைந்தாரில்லை. மற்றெல்லாவற்றிலும் மாறுபட்டு நின்ற இரு கட்சியாரும் பெண்கள், அதிலும் தேவதாசியர், அங்கு பாடலாகாது என்பதில் மாத்திரம் ஒற்றுமைப்பட்டனர். அவர் கட்டிய மண்டபம் வேண்டும், அவர் நடத்தும் பூசை வேண்டும், அவர் பாட்டு மாத்திரம் வேண்டாம் என்றாயிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம்மில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால் என்ன செய்வோம்? மனம் கசந்து ஊர் திரும்புவோம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவோம். அல்லது நமக்கென்று வேறோரிடத்தில் வேறொரு கோயில் கட்டுவோம். அம்மையார் இவற்றுள் ஒன்றையும் செய்தாரில்லை. 1927ஆம் ஆண்டு தொடக்கம், தம்மையொத்த பெண் கலைஞரைத் திரட்டிக்கொண்டு வந்து, சந்நிதியின் பின்புறத்திலே இருந்து பாடினார். முன்புறத்தில் ஆடவர் ஆராதனை. பின்புறத்தில் பெண்டிர் ஆராதனை. அது பெண்கள் கட்சி எனப் பெயர் பெற்றது. ஆண்டுக்கு ஆண்டு அங்கு பாடும் பெண்டிரின் தொகை பெருகிற்று.

பெரியபுராணம் கற்ற அன்பர்களுக்கு இதனைக் கேட்டதும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் நினைவுக்கு வருவார். பாணர் குலத்தவராதலின் திருவாரூர்க் கோயில் வாயிலின் முன் நின்று யாழ் வாசித்தார் நாயனார். இறைவன் வடதிசையில் வேறொரு வாயில் வகுத்தருள, அவ்வழியே உட்புகுந்து வழிபட்டார். வெளியே நின்ற இசையை இறைவன் உள்ளே அழைத்தான் என்று சேக்கிழார் பெருமான் நமக்கு உணர்த்தி எத்தனையோ நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அதனை நாம் படிப்பதும் உண்டு. குருபூசை நாளில் மேடையேறிப் பேசுவதும் உண்டு. ஆனால் கலையை உள்ளே அழைத்துக் கலைஞரை வெளியே நிறுத்தும் வழக்கம் எமது யாழ்ப்பாணத்து ஊர்களுக்கும் புதியதன்று. திருவையாற்றாரை மாத்திரம் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது.

அக்காலத்திலேயே வேறொரு போராட்டமும் மூண்டது. 1927இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையிலே தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். சிறுமியரைப் பொட்டுக் கட்டி அவர்கள் வாழ்வைப் பாழாக்கும் கொடுமையை நீக்குவதே அவர் நோக்கம். அது உயர்ந்த நோக்கம் என்பதில் ஐயமில்லை. நாகரத்தினம்மாளோ தேவதாசியர் சங்கத்தின் சார்பில் அதனை எதிர்த்தார். தங்கள் குலத்துப் பெண்களனைவரையும் ஒழுக்கங்கெட்டவர் என ஒரே சொல்லால் முத்திரையிடுவதையும், இசையும் நடனமும் வளர்த்த மரபினரின் உடைமையையும் தொழிலையும் பறிப்பதையும் அவரால் ஏற்க முடியவில்லை. பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறிற்று. அது நன்றே. எனினும் இழிவு நீங்கவேண்டும் என்று போராடியவருக்கும், மானம் காக்கப்படவேண்டும் என்று போராடியவருக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். இருவரும் தத்தமக்குத் தெரிந்த உண்மைக்காகவே நின்றனர்.

திருவையாற்றிலே காலம் கனிந்தது. பிரிந்து நின்ற கட்சிகளை ஒன்றாக்கச் சான்றோர் சிலர் முயன்றனர். ஐ. சி. எஸ். அதிகாரியாகிய எஸ். வை. கிருஷ்ணசுவாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலானோர் அவர்களுட் குறிப்பிடத்தக்கவர். 1940-41 காலத்தில் கட்சிகள் யாவும் இணைந்து ஒரே சபையாயின. பெண்களும் சந்நிதியிலே பாடும் உரிமை பெற்றனர். இன்று நாம் காணும் கூட்டுப் பஞ்சரத்தின அஞ்சலியும் அந்த ஒற்றுமையின் பயனாய் உருப்பெற்றதே. 1927இல் பின்புறத்தில் தொடங்கிய பாட்டு முன்புறத்துக்கு வந்து சேர ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

அம்மையார் தம் இறுதிக்காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். கச்சேரி மேடைகளில் பட்டும் வைரமும் அணிந்து வீற்றிருந்தவர், முதுமையில் எளிய கோலத்தில் சுவாமிகள் சந்நிதியில் தொண்டு செய்துவந்தார். தியாக சேவா சக்தா என்னும் பட்டம் அவருக்கு வழங்கலாயிற்று. கையில் எஞ்சியிருந்த சொத்தையும் 1949இல் மரண சாதனம் எழுதிச் சமாதிக் கைங்கரியத்துக்கே உரிமையாக்கினார். அதில் பெண்களின் உரிமையை அவர் மறந்தாரில்லை. பெண்களும் அங்கு இசை வழிபாடு செய்யத் தடை இருக்கலாகாது என்பதையும் ஏற்பாடாக வைத்தார். தாம் பட்ட தாழ்வு தமக்குப் பின் வருவோருக்கு நேரலாகாது என்னும் எண்ணத்தினாலேயே இவ்வாறு செய்தார்.

1952ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி, தமது எழுபத்து மூன்றாம் வயதில் நாகரத்தினம்மாள் இறைவனடி சேர்ந்தார். சுவாமிகளின் சமாதிக்கு அண்மையிலேயே அவருக்கும் நினைவிடம் அமைக்கப்பட்டது. அங்கே அவருடைய உருவம், சுவாமிகளின் சந்நிதியை நோக்கியவண்ணம் அமர்ந்திருக்கிறது. ஆராதனைக்கு வருவோர் அதனைக் கடந்தே செல்கின்றனர். பலர் அவர் யாரென்று அறியாமலும் செல்லக்கூடும்.

இவ்வரலாறு எமக்குக் கற்பிப்பது யாது? கலைஞர் சமூகத்துக்குக் கொடுப்பதை நாம் பெரும்பாலும் தருமம் என்கிறோம். இருப்பவர் இல்லாதவருக்கு இடுவது தருமம். அம்மையாரின் செயலை அப்பெயரால் மாத்திரம் சொல்லி அமைய முடியாது. தாம் பெற்றது அனைத்தும் முன்னோர் ஒருவர் தந்த இசையினால் வந்தது. ஆகவே அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று அவர் எண்ணினார். வாங்கிய கடனை அடைப்பவர் பாராட்டை எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் அவமதிப்பு வந்தபோதும் அவர் கை பின்வாங்கவில்லை. ஆனால் கொடுப்பவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்றும் அவர் எண்ணினாரல்லர். பொருளைத் தயங்காது கொடுத்தார்; உரிமையைத் தயங்காது கேட்டார். இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருத்தல் அரிது.

எமது சங்கத்து இளைஞரில் பாடுவோர் உளர். மிருதங்கம் பயில்வோர் உளர். சித்திரம் தீட்டுவோரும் நாடகம் நடிப்போரும் உளர். உங்கள் கலை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருகணம் எண்ணுங்கள். உங்களுக்குத் தாளம் சொல்லித் தந்தவர் யார்? அவருக்குச் சொல்லித் தந்தவர் யார்? அவர்களில் எவராவது இன்று எமது ஊரில் கவனிப்பாரற்று இருக்கின்றாரா? சங்கத்துப் பெரியோரிடத்தும் ஒரு விண்ணப்பம் உண்டு. திருவிழாவிலும் கலைவிழாவிலும் எவருடைய வாசிப்பைக் கேட்டு நாம் மகிழ்கிறோமோ, அவரை எங்கே இருத்துகிறோம் என்பதையும் பார்த்தல் வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அவருக்கு இலை போடும் இடம் எது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அடுத்த ஆராதனை நாளில் வானொலியில் பஞ்சரத்தினம் ஒலிக்கும்போது, அதில் கலந்து வரும் பெண்குரல்களைச் சற்றுச் செவிகொடுத்துக் கேளுங்கள். அக்குரல்கள் அங்கே ஒலிப்பதற்காக, நஞ்சன்கூட்டிலே பிறந்த ஓர் அம்மையார் தம் பொருள் முழுவதையும் கொடுத்துப் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார் என்பதை வீட்டிலுள்ள சிறுவர்க்கும் சொல்லுங்கள்.